மீசையை விட்டுவிட்டு வந்த ஊர்

திருச்சிக்குப் போய் வந்தவர்கள் மலைக்கோட்டை ஏறிய கதையைச் சொல்வார்கள். நான் ஏறவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது, அத்தோடு சரி. காவிரியில் குளித்ததைச் சொல்வார்கள். அதில் நானும் குளித்தேன். ஆனால் குளித்துக் கரையேறியபோது, மலேசியாவிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோன ஒரு சாமான் என்னிடம் இல்லை. அது இல்லாததால் ஒரு கல்யாண வீட்டில் ஒப்பாரி கேட்டது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவரின் மகன். பெயர் மணி. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் போனேன். அதற்கு மேல் படிப்பு என்னைக் கூப்பிடவில்லை, நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. லால்குடியில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் தங்கை, மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். தாய்மாமன் முறைக்கு அப்பா போக வேண்டும். லாரியை விட்டு அவரால் வர முடியாது. அவருக்குப் பதிலாக என்னை, நைலான் புடவைகளோடும் பிஸ்கட் டின்களோடும் சேர்த்து அனுப்பி வைத்தார்.

போகிற போக்கில் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. என் அக்கா மகள் செல்விக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கோவிந்தசாமி வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பக்கத்துப் பிள்ளை அவள் தொடையில் கிள்ளும். உடனே செல்வி கையைத் தூக்குவாள். அவள் அங்கே கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வாத்தியார் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நான் பேசறேன், அது சிரிக்குது. எத்தனை நாளைக்கும்மா? வீட்லயே வச்சுக்குங்க. தம்பிப் பாப்பாவையாவது பாத்துக்கும்."

காது கேளாதவர்களுக்கு எங்கள் நாட்டில் பள்ளி இல்லாமல் இல்லை. ரொம்பத் தூரம், அங்கேயே தங்க வேண்டும், தமிழ் கிடையாது. அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். திருச்சியில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது, தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் வாத்தியாரிடம் போனேன்.

"மெஷினோ, புஸ்தகமோ, என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வா," என்றார். "அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திறக்கறப்போ வச்சுப் பாப்போம். ஒண்ணும் சரிப்படலைன்னா நிறுத்திடுவோம்."

இனி என் மீசையைப் பற்றி. அடர்த்தியாக மேலுதட்டை முழுக்க மூடி, வாயின் இரண்டு ஓரத்திலும் கீழே இறங்கி நிற்கும். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒரே பயிர் அதுதான்.

லால்குடியில் இறங்கியதும் அத்தை என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "அண்ணன் மாதிரியே இருக்கான். மீசை மட்டும் கூடுதல்," என்றாள். இட்லி வைத்தாள், கத்தரிக்காய் கொத்சு ஊற்றினாள், நான் போதும் என்று கையால் மறித்தபோது கையின் மேலேயே ஊற்றினாள். எங்கள் ஊரில் காலையில் ஒரு ரொட்டியும் கோப்பியும் உள்ளே போனால் பசியாறியாயிற்று என்று அர்த்தம். இங்கே அதற்குப் பிறகுதான் இலை போடுகிறார்கள். வசந்தா எனக்கு முறைப்பெண். "மயிரிழையில தப்பிச்சே," என்றேன். "ஆமா அத்தான், அந்த மயிரிழை உங்க மூக்குக்குக் கீழ இருக்கு," என்றாள்.

மறுநாள் பள்ளியைத் தேடிக் கிளம்பினேன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஜங்ஷன் பஸ் பிடிக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அது வரைக்கும் ஒழுங்காகச் செய்தேன். ஜங்ஷனில் ஒரு கண்டக்டர் "ஏறு ஏறு" என்று ஊரையே அழைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறாரே என்று ஏறிவிட்டேன். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் முகத்தைப் பார்த்தால் ஏறவே மனம் வராது. காற்று நன்றாக வந்தது. தூங்கிப் போனேன். விழித்தபோது மணப்பாறை.

அன்று மாட்டுச் சந்தை. பக்கத்து சீட்டில் வந்த மாட்டு வியாபாரி இறங்கும்போது என் முகத்தைத் தரகர் கண்ணோடு பார்த்தார். "மீசை நல்லாருக்கு தம்பி. காளைக்குக் கொம்பு அமையற மாதிரி அமைஞ்சிருக்கு," என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட். அந்தச் சந்தோஷத்தில் பை நிறைய முறுக்கு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். பள்ளி மூடியிருந்தது.

அதற்கடுத்த நாள் விழித்துக்கொண்டே பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒரு டீச்சர் நின்றிருந்தார். என் அக்கா வயசு இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது.

"செவிடு ஊமைப் பள்ளிக்கூடம் இதுதாங்களா?"

"காது கேக்காத பிள்ளைங்கன்னு சொல்லுங்க. ஊமைன்னு இங்க யாரும் இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, நீங்களே வாயை மூடச் சொல்லுவீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை வகுப்புக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகமும் மற்ற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பை அன்றுதான் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடமே கிடையாது.

"ஏதாவது கேளுங்க அவங்கள," என்றார் டீச்சர்.

"சாப்டாச்சா?" என்றேன், நல்ல சத்தமாக.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பாத்திமா என்று ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், தன் மூக்குக்குக் கீழே கையை வைத்து, ஜன்னல் திரையை இழுத்து விடுகிற மாதிரி கீழே இழுத்தாள். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

"திரை போட்டிருக்கீங்களாம். ஒண்ணும் தெரியலையாம்," என்றார் டீச்சர். பிறகு அதே கேள்வியை அவர் சாதாரணக் குரலில் கேட்டார். "ஆச்சு" என்று பதில் வந்தது. ஆளுக்கொரு சுதியில், ஆனால் வந்தது.

அந்தக் கணமே எனக்கு அங்கே பெயரும் வைத்துவிட்டார்கள். இரண்டு விரலை உதட்டு ஓரங்களில் வைத்துக் கீழே இறக்கினால் அது நான். நான் வழியில் போகிற ஆளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிறவன். எனக்கு ஒருத்தி வாயைத் திறக்காமலே வைத்துவிட்டாள்.

இடைவேளையில் முறுக்கைப் பிரித்துக் கொடுத்தேன். மரத்தடியில் பிள்ளைகளின் கைகள் பறந்தன. முறுக்கை வாயில் வைத்துக்கொண்டே கையால் அவர்கள் பேசின வேகத்துக்கு என் நாக்கு கிட்டத்தில் நிற்காது. வகுப்பில் ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டேன்.

"வகுப்புல கையால பேசக் கூடாதுங்கறது ரூல். பேச்சு வராம போயிடும்னு மேலிடத்துல நினைக்கறாங்க," என்றார் டீச்சர். "பெல் அடிச்சப்புறம் நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல." சொல்லிவிட்டு அந்தப் பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னை விசாரித்தார். போலீஸ் ஸ்டேஷனில்கூட என்னை அப்படி விசாரித்ததில்லை.

"செல்வி எங்க உக்காரும்?"

"கடைசி பெஞ்சுங்க. நான் காலி பண்ண இடம்."

"ஜன்னல் எங்க இருக்கு?"

"வாத்தியாரு முதுகுக்குப் பின்னால."

"அப்ப அவர் முகம் இருட்டா இருக்கும்."

"வெளிச்சத்துலயும் அப்படித்தாங்க இருக்கும்."

"போர்டப் பாத்துப் பேசுவாரா, பிள்ளைங்களப் பாத்தா?"

"போர்டத்தான். பிள்ளைங்களப் பாத்தா அவருக்குக் கோவம் வரும்."

"மீசை?"

"அவருக்கு இருக்கறது ஆலமரம். என்னுது அதோட விழுது."

டீச்சர் சிரிக்கவில்லை. "சத்தமா பேசுவாரோ?"

"பக்கத்துத் தோட்டத்துக்கே கேக்கும். செல்விக்காக இன்னும் கத்துவாரு, பாவம்."

"கத்தினா வாய் கோணும். அவளுக்கு இன்னும் புரியாது. அவரு நல்லவருதான் போலருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்கு அங்க வாத்தியாரே இல்ல, ஒரு முதுகும் ஒரு மீசையும்தான் இருக்கு."

செல்வி ஏன் எப்போதும் சிரிக்கிறாள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அதை அவள் குணம் என்று நினைத்திருந்தோம்.

"உதட்ட மட்டும் பாத்து எல்லாம் புரிஞ்சிடாதுங்க. பாதி பாக்கறது, பாதி ஊகம். புரியலன்னு காட்டிக்க வெக்கமா இருக்கும். சிரிச்சா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க இல்ல?"

கடித்த முறுக்கைக் கீழே வைத்தேன். அதே வகுப்பில், அதே பெஞ்சில், அதே சிரிப்பைத்தான் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது இரண்டும் நன்றாகவே கேட்கும்.

டீச்சர் ஒரு காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்து "அப்பா" என்றார். காகிதம் துள்ளியது. "அம்மா" என்றார். அசையவில்லை. இரண்டும் உதட்டில் ஒன்று போலத்தான் இருக்கும், காகிதம்தான் பிரித்துக் காட்டும் என்றார். ஒரு பலூனை ஊதி, ஒரு பையன் கன்னத்தில் வைத்து, மறுபக்கம் வாயை வைத்துப் பேசினார். பேச்சின் அதிர்வு பலூனில் தெரியுமாம். பையன் கண்ணை மூடிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்கிற மாதிரி நின்றான்.

"இதையெல்லாம் ஒரு பெட்டியில வச்சுக் கட்டிக் குடுத்துடுங்க டீச்சர்," என்றேன்.

அவர் கொடுத்தது ஒரு சின்னப் பையில் அடங்கிவிட்டது. கொஞ்சம் பலூன், பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டிய அட்டைகள், ஒரு கைக் கண்ணாடி.

"இவ்வளவுதானா?"

"பெட்டியில வைக்கறதுக்கு இவ்வளவுதான். முன் பெஞ்சு உங்க ஸ்கூல்லயே இருக்கு. ஜன்னல் வெளிச்சம் இருக்கு. அவர் முகம் இருக்கு. இந்தக் கண்ணாடிய முதல்ல உங்க வாத்தியார் பாத்துக்கட்டும், அப்புறம் பிள்ளைகிட்ட குடுங்க." புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு எங்கயாவது போறதா இருந்தா காதுல பஞ்ச அடைச்சுக்கிட்டுப் போங்க. அது காது கேக்காம இருக்கறது ஆகாது. ஆனா கொஞ்சம் தெரியும்."

மறுநாள் ஸ்ரீரங்கம் போக வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையைப் பெருமாள் காலடியில் வைக்க வேண்டும், தாய்மாமன் கையால் வைத்தால் விசேஷம் என்று மாமா என்னை அனுப்பினார். பஞ்சை எண்ணெயில் தோய்த்துக் காதில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய அண்டாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

சன்னிதியில் அர்ச்சகர் பத்திரிகையை வாங்கி வைத்தார். மழமழவென்று மழித்த முகம். அவர் பேசினது பாதி காதில் விழுந்தது, மீதியை உதட்டிலேயே பார்த்துவிட்டேன். "பெருமாள் அனுக்ரஹத்துல எல்லாம் மங்களமா நடக்கும். தம்பதிகள் க்ஷேமமா இருக்கணும்." அந்தத் தெருக்களில் முக்கால்வாசி ஆண்களுக்கு மீசையே இல்லை. செல்விக்கு ஏற்ற ஊர் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரை வீதியில் ஒருவர் சைக்கிளில் வந்து மணியடித்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை, என்னை இடிக்காமல் கீழே விழுந்தார். எழுந்து திட்டினார். மீசை இல்லாத மனிதர் என்பதால் ஒவ்வொரு திட்டும் பளிச்சென்று தெரிந்தது. பதிலுக்கு என்னிடம் நல்ல சரக்கு இருந்தது. ஆனால் அவர் எங்கே நிறுத்துகிறார், நான் எங்கே நுழைய வேண்டும் என்று பிடிபடவில்லை. முதல் தடவையாக ஒரு சண்டையில் தோற்றேன்.

பசிக்கு ஒரு காப்பி கிளப்பில் நுழைந்தேன். சர்வருக்கு வாய் நிறைய வெற்றிலை, மேலே மீசை. என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒரே மூச்சில் பட்டியலைச் சொன்னார். ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. மறுபடி கேட்டால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்களே என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் இன்னும் என்னவோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அடை வந்தது, தவலை வடை வந்தது, ரவா தோசை வந்தது, அதன் மேல் இன்னொரு ரவா தோசையும் வந்தது. நான் தின்று தீர்த்தேன். செல்வி சிரித்துத் தலையாட்டின பாடங்களும் இப்படித்தான் அவள் முன்னால் வந்து குவிந்திருக்கும். அதைத் தின்று தீர்க்க அவளுக்கு வழியில்லை.

வெளியே வந்து நேராக அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தேன். ஊருக்குப் போனதும் செல்வி பார்க்கப்போகும் முதல் முகம் என்னுடையதாகத்தான் இருக்கும். காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். படித்துறையில் ஒருவர் கத்தியும் கிண்ணியுமாக உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பாவா, அம்மாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் மலேசியாவுல நல்லாத்தான் இருக்காங்க. மீசையில ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, உதடு தெரியற மாதிரி பண்ணுங்க."

"ஓரம் வெட்டறது சலூன்ல. இங்க வந்து உக்கார்றவங்க வேற விஷயமா உக்கார்றவங்க தம்பி."

நான் விடவில்லை. அவர் மனசில்லாமல் வெட்டினார். இடது பக்கம் கொஞ்சம் மேலே போய்விட்டது. சரிசெய்ய வலது பக்கத்தை ஏற்றினார். அது இன்னும் மேலே போனது. இப்படியே இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஏறி மூக்கடியில் சந்தித்தபோது, கத்தியைத் துடைத்துக்கொண்டு யோசனை ஒன்று சொன்னார். "தலையையும் சேத்து மொட்டையடிச்சுக்குங்க. வேண்டுதல்னு நினைச்சுக்குவாங்க. மீசை மட்டும் எடுத்துட்டுப் போனா வீட்ல வேற மாதிரி நினைப்பாங்க."

கல்யாண போட்டோவில் மொட்டையாக நிற்க முடியாது என்றேன். "அப்ப உங்க இஷ்டம். போயி நீங்களே சொல்லிக்குங்க," என்றார். காவிரியில் முங்கிக் குளித்தேன். தண்ணீர் மேலுதட்டில் நேராகப் பட்டது. புது ஆளுக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

ஈரத் தலையோடு லால்குடி வீட்டு முற்றத்தில் கால் வைத்தேன். அத்தை பெண்களோடு உட்கார்ந்து அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என் தலையைப் பார்த்தாள், உதட்டுக்கு மேலே பார்த்தாள். மாவுக் கையாலேயே மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ எங்கண்ணே. என்னை விட்டுட்டுப் போயிட்டியே எங்கண்ணே."

அப்போதுதான் படித்துறைக்காரர் சொன்னது எனக்கு உறைத்தது. அப்பன் செத்தால் மகன் மீசையை எடுப்பது எங்கள் தோட்டத்திலும் உண்டுதான். நான் என் உதட்டைப் பற்றி நினைத்தேனே தவிர அப்பாவைப் பற்றி நினைக்கவில்லை.

"அத்தை, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. காது கேக்காத பிள்ளைங்களுக்கு என் வாய் தெரியணும்னு எடுத்தேன்."

அவள் இன்னும் சத்தமாக அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். மாமா என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, என்கிட்ட சொல்லு. எப்ப தகவல் வந்துச்சு?"

"தகவலே வரல மாமா."

"கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு தனியா அம்மா மண்டபம் போயி எடுத்துட்டு வந்திருக்கே. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அதிரசம் வேற கேட்டியேடா காலையில."

"நான் நிஜமாவே பிள்ளைங்களுக்காகத்தான் மாமா எடுத்தேன்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இதுவும் நல்ல காரணம்தான். மாப்பிள்ளை வீட்ல கேட்டா இதையே சொல்லிடுவோம்."

வெளியே ஒருத்தி, "சின்ன வயசுல எவ்வளவு பெரிய மனசு," என்றாள். பிறந்ததிலிருந்து என் மனசை யாரும் புகழ்ந்ததில்லை. முதல் முறை புகழ்கிறார்கள், அதுவும் நான் சொல்லாத பொய்க்காக. ஊர் முழுக்கப் பொய்யும் கேலியுமாகவே பேசித் திரிந்தவன் ஒரு நாள் நிஜம் சொன்னால் என்ன மதிப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

வசந்தா மட்டும் அழாமல் என் முன்னால் வந்து நின்றாள். "அத்தான் பொய் சொல்றப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லும். இப்ப சிரிக்கல," என்றாள் தன் அப்பாவிடம். "ஆனாலும் எனக்குத் தெரிஞ்சாகணும். மாமா போனதை மறைச்சுட்டு எனக்குத் தாலி வேணாம். போன் பண்ணுங்க."

தபாலாபீசில் மாமாவுக்கு ஆள் தெரியும். எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு டிரங்க் கால் பதிவு செய்து, அப்பாவின் பெயரைச் சொல்லி அவரையே கூப்பிடச் சொன்னோம். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தது. அது வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியவில்லை, வந்த சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அத்தை ரிசீவரைக் காதில் வைத்து, "அண்ணே, இவன் மீசையை எடுத்துட்டு வந்து நிக்கறானே, நீ உசுரோட இருக்கியா?" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் கவுண்டருக்கு வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"எவன் சொன்னான் நான் செத்துட்டேன்னு? அந்த நாயிகிட்ட குடு போனை."

அத்தை முகம் மலர்ந்து எங்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணன்தான். இந்தத் திட்டு வேற யாருக்கும் வராது."

ரிசீவர் என் கைக்கு வந்தது. நான் உயிரோடு இருக்கும்போதே மீசை எடுக்க உனக்கு என்ன திமிர் என்பதை அப்பா பல விதமாகக் கேட்டார். செல்விக்காக எடுத்தேன் என்று கத்தினேன்.

"முளைச்சப்புறம் என் வாசப்படிய மிதி," என்று சொல்லி வைத்துவிட்டார். முன்பிருந்த வேகம் அதில் இல்லை.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் முறைகளையெல்லாம் நான் செய்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் துக்கம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

புறப்படுவதற்கு முன் பள்ளிக்கு ஒரு தடவை போனேன். அரை வட்டத்துக்கு முன்னால் நின்று, கத்தாமல் கேட்டேன். "சாப்டாச்சா?"

பாத்திமா என் உதட்டைப் பார்த்தாள். "ஆச்சு. நீங்க?" என்றாள், குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில். பிறகு என் பெயரைத் திருத்தினாள். இரண்டு விரலை உதட்டு ஓரத்தில் வைத்து இறக்கி, அப்படியே காற்றில் ஊதிப் பறக்க விட்டாள். இப்போது அங்கே என் பெயர் அதுதான்.

ஊர் திரும்பினேன். அப்பா தான் சொன்னதை மறந்துவிட்டு வாசற்படியில் நின்று வரவேற்றார். கோவிந்தசாமி வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பையை மேசையில் கவிழ்த்தேன். பலூனையும் அட்டையையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார், என்னைப் போலவே. முன் பெஞ்சு, ஜன்னல், போர்டு, கத்தாமல் பேசுவது என்று வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "செய்யலாம்" என்றார். கடைசியாகக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து மீசை விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. உள் அறைப் பக்கம் கை காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா உள்ள படுத்திருக்காருடா. உயிரோட. நான் எடுத்துட்டு வெளிய போனா தோட்டமே துக்கம் கேட்டு வந்துடும். அவரு மனசு என்ன பாடுபடும்?"

"மொட்டையும் சேத்து அடிச்சா வேண்டுதல்னு நினைச்சுக்குவாங்க சார். திருச்சியில ஒருத்தர் சொன்னாரு."

வாத்தியார் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அதுக்குத் தலையில ஏதாவது இருக்கணுமேடா."

நான் எழுந்து வந்தேன். அக்காவிடம் முழுக் கதையையும் சொல்லவில்லை. தம்பிப் பாப்பாவுக்குக் கட்டின தொட்டிலை ஆட்டிக்கொண்டு செல்வி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. செல்வியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்பு வாசல் பக்கம் சைக்கிளைச் சாத்தி நின்றேன். மேட்டுப் பாதையில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் முன்னால் வரவில்லை. முன்னால் வந்தவர் அவருடைய அப்பா. கோயில் திருவிழாவுக்குக்கூட வெளியே வராத கிழவர், சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, தடியை ஓங்கி ஓங்கி ஊன்றி நடந்து வந்தார். பின்னால் வாத்தியார், முகத்தில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி.

ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போன பெண்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் தடியை அவள் பக்கம் நீட்டினார்.

"என்ன பாக்கறே? நல்லாப் பாத்துக்க. நான்தான். சாகல."

என்னைக் கடக்கும்போது நின்றார். "ஓரத்தை மட்டும் வெட்டிக்கிட்டு அந்தக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாண்டா இவன். 'அப்பா, அம்மா'ன்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறான். தன் உதடு தனக்கே தெரியலையாம். நான்தான் நேத்து ஆள் வரச் சொல்லி முழுசா எடுக்க வச்சேன்."

வகுப்பில் மேசையும் கரும்பலகையும் ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் போயிருந்தன. செல்வி முன் பெஞ்சில் இருந்தாள். வாத்தியார் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாத கைகளோடு நின்றார். பெயர் கூப்பிட ஆரம்பித்தார். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை வழக்கம் போலக் கையை பெஞ்சுக்குக் கீழே தயாராகக் கொண்டுபோனது.

"செல்வி."

கிள்ள வந்த கை பாதியில் நின்றது. செல்வியின் கை முன்பே மேலே போயிருந்தது. அவள் சிரிக்கவில்லை. வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன வரும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நின்ற கிழவர் தடியை மாற்றிப் பிடித்தார். "சரி, எல்லாரும் பாத்தாச்சு. நான் வீட்டுக்குப் போயி படுக்கறேன்," என்றார்.